நிச்சயதார்த்தத்துக்கு நான் வராமல் போனதற்குக் காரணமான பிரிண்டர்

புந்தோங், ஈப்போ
திங்கட்கிழமை

என்றைக்கும் என் மரியாதைக்கும், இன்றைக்குக் கொஞ்சம் பயத்துக்கும் உரிய பிச்சைமுத்து அண்ணன் அவர்களுக்கு, உங்கள் ஒரே தங்கை புஷ்பலதா கைகூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளை மகேந்திரனும் முருகன் புண்ணியத்தில் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும், புதிதாக நிச்சயமான என் மருமகள் தினேஸ்வரியும் சுகமா என்று போனிலேயே கேட்டிருப்பேன். நீங்கள் எடுக்கவில்லை. சரி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்கலாம் என்று போனால், "பிச்சைமுத்து வெளியேறினார்" என்று இருக்கிறது. அந்தக் குழுவை ஆரம்பித்தவரே நீங்கள்தான் அண்ணே! அதனால்தான் இந்தத் தபால். தபாலிலிருந்து யாரும் வெளியேற முடியாது.

சனிக்கிழமை உங்கள் மாப்பிள்ளை மட்டும் தனியாக உங்கள் வாசலில் வந்து நின்றபோது, "லதா எங்கே?" என்று கேட்டீர்களாம். இவர், "ஆபீஸ்ல பிரிண்டர் ரோசாக், அதான் வரல" என்றாராம். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் ஒரு விஷயத்தை முன்னும் பின்னும் சேர்த்துச் சொல்ல இவருக்கு வரவில்லை. உங்கள் ஒரே பெண்ணின் நிச்சயதார்த்தம், சொந்த அத்தை தாம்பூலத் தட்டு தூக்க வரவில்லை, கேட்டால் பிரிண்டர் கெட்டுப்போச்சு என்று பதில் வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கே வந்தது. ஆனால் அண்ணே, கெட்டது பிரிண்டர் மட்டும் இல்லை, சர்வரும் சேர்ந்து கெட்டது. முழுக்க வாசியுங்கள். வாசித்த பிறகும் கோபம் இருந்தால் கோபப்படுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நான் செயலாளராக இருக்கும் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் உங்களுக்குத் தெரியும். சுங்கை செரோஜா ரப்பர்த் தோட்டத்தை விற்றபோது, லயத்து வீடுகளில் இருந்த சனங்களுக்கு மாற்று வீடு, மாற்று வீடு என்று சொல்லிச் சொல்லி, அப்போது பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எல்லாம் கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்ற பிறகு, ஒரு வழியாக வீடுகள் எழும்பி, போன சனிக்கிழமை மத்தியானம் சாவி கொடுப்பதாக முடிவானது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் ஒப்பந்தக் கடிதம் அச்சடித்து, தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். சாவி கொடுக்க வரும் அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்: கடிதம் இல்லாதவர்களுக்குச் சாவி இல்லை, அன்றைக்கு விட்டால் அடுத்த தேதி தீபாவளிக்கு அப்புறம்தான் என்று. நான் புதன்கிழமைக்குள் எல்லாவற்றையும் அடித்து முடித்து, வியாழக்கிழமை பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலேறிப் பாரிட் புந்தார் வந்து, அண்ணியோடு உட்கார்ந்து பூ கட்டுவதாகத்தான் திட்டம். புடவைக்கு இஸ்திரி மட்டும் போட்டாயிற்று.

எங்கள் ஆபீஸ், தாவூத் அண்ணன் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி. அங்கே சர்வர் என்று ஒன்று இருக்கிறது. எல்லா உறுப்பினர்களின் விவரத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கும் பெரிய கணினி. அதைச் சுற்றி எங்கள் கணினிகள். எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு பிரிண்டர். யார் பிரிண்ட் கொடுத்தாலும் அது முதலில் சர்வருக்குப் போய், சர்வர்தான் வரிசையில் நிறுத்திப் பிரிண்டருக்கு அனுப்பும். உங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.

போன திங்கட்கிழமை காலையில் முதல் கடிதத்துக்குப் பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் "உர்ர்" என்றது. அவ்வளவுதான், எல்லாக் கணினியும் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் கிளார்க் துளசி ஒரு பெயரைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போய் தே தாரிக் வாங்கிக் குடித்துவிட்டு வந்தாள், அந்தப் பெயர் அப்போதுதான் பாதி வந்திருந்தது. எங்கள் தலைவர் சுகுமாரனை உங்களுக்குத் தெரியும்தானே, லாரி கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னமும் எதிரே நிற்கும் ஆளிடம் லாரி சத்தத்தைத் தாண்டித்தான் பேசுவார். அவர் வந்து பார்த்தார். "இந்தப் பிரிண்டர்தான் லா சர்வரோட ரத்தத்த உறிஞ்சுது! ஆப் பண்ணுங்க அத!" என்றார். ஆப் செய்தோம். சர்வர் முன்னைவிட மெதுவாகிவிட்டது. "வயர்ல கரண்டு தங்கியிருக்கும், வயரப் புடுங்குங்க" என்றார். பிடுங்கினோம். இன்னும் மெதுவாகிவிட்டது. "பக்கத்துல இருந்தாலே ஆகாதுபோல, வெளிய கொண்டுபோங்க" என்றார். குட்டி யானை கனம் அண்ணே அந்த மெசின், ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து மாடிப்படி ஓரத்தில் கொண்டுபோய் வைத்தோம். என் இடுப்பு பிடித்துக்கொண்டது. சர்வர் கொஞ்சமும் அசையவில்லை. ஆனால் தலைவருக்குத் திருப்தி. "பாத்தீங்களா, இப்ப ஆபீஸ் எவ்வளவு விசாலமா இருக்கு" என்றார்.

இந்த நேரத்தில்தான் காளியம்மா அக்கா வந்து சேர்ந்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். சாவி தருகிறோம் என்று முன்பு கூப்பிட்டபோதெல்லாம் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து வெறுங்கையோடு திரும்பிப் போனவர். இந்தத் தடவை பிளாஸ்கும் பாயுமாக வந்து பிரிண்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "நீங்க வீட்டுக்குப் போங்கக்கா, ரெடியானதும் நானே போன் பண்றேன்" என்றேன்.

"போன தடவயும் இப்படித்தான் சொன்னீங்க. போன்ல வாரது பேச்சு. எனக்குக் காயிதம் வேணும்" என்றார்.

"இன்னும் நாளாகும்போல இருக்கேக்கா."

"ஆகட்டுமே. லயத்துல கூரையெல்லாம் ஒழுகுது. இங்க கதவு வழியா ஏர்கண்டிசன் காத்து வருது. நீங்க ஒங்க வேலையப் பாருங்க தங்கச்சி."

சாயங்காலம் வீட்டுக்குப் போவார், காலையில் நாங்கள் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்பார். அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்து தோட்டத்திலிருந்து ஒவ்வொருவராக வந்து எட்டிப்பார்க்க ஆரம்பித்தார்கள். புதன்கிழமை வந்தது. கையில் ஒரு கடிதமும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை அண்ணே. வாசலைப் பார்த்தால் "காயிதம் வந்துச்சா?" என்று ஒருவர் எட்டிப்பார்க்கிறார். போனைப் பார்த்தால் அண்ணி "எப்ப வார லதா?" என்று கேட்டிருக்கிறார்.

துளசி கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஷாஹ்ருல் தம்பியைக் கூப்பிட்டாள். "அக்கா, நான் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில ஒரு வேலையில மாட்டிக்கிட்டேன், சனிக்கிழமதான் வர முடியும்" என்றான். நான் போனைப் பிடுங்கி, "தம்பி, நீ அங்கயே இரு. இப்படியே போச்சுன்னா எங்க எல்லாரையும் அங்கதான் கூட்டிக்கிட்டு வருவாங்க" என்றேன். அவன் சிரித்துவிட்டு, பிரிண்டரைத் திரும்ப மாட்டச் சொன்னான். "அது இல்லாட்டி சர்வர் அதத் தேடிக்கிட்டே இருக்கும் அக்கா. மாட்டிட்டு, மெசின் முகத்துல என்ன எழுத்து வருதுன்னு பாருங்க" என்றான். மறுபடியும் ஆளுக்கொரு மூலையாகத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தோம். மறுபடியும் இடுப்பு. மாட்டினோம், சர்வர் கொஞ்சம் மூச்சுவிட்டது, பிரிண்டர் முகத்தில் விளக்கு எரிந்து ஏதோ எழுத்து ஓட ஆரம்பித்தது. நான் கண்ணாடியை எடுத்து வருவதற்குள் காளியம்மா அக்கா, "பாவம், படிக்கட்டுல கெடந்து மூஞ்சியெல்லாம் தூசி" என்று முந்தானையால் அழுத்தித் துடைத்தார் பாருங்கள், கண்ட பொத்தானும் அமுங்கி, மெசின் பாஷையே மாறிவிட்டது!

இங்கிலீஷ் இல்லை, மலாய் இல்லை. கொக்கி போட்டு, சுழி போட்டு, தலையில் கொம்பு வைத்து ஏதோ எழுத்து. தலைவர் கிட்டே போய்ப் பார்த்து, "இது பழைய தமிழ். கல்வெட்டுல இருக்குமே, அது" என்றார். துளசி அவரையும் மெசினையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்து ஹார்டுவேர் கடை முதலாளி, சீனத் தௌக்கேயைக் கூட்டி வந்தோம், அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது எங்க ஆளுங்க எழுத்து இல்ல, ஒங்க ஆளுங்க எழுத்து மாதிரி இருக்கு" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். ஷாஹ்ருலைக் கூப்பிட்டால், "என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டுங்க" என்கிறான், வாசிக்கத்தான் யாருக்கும் வரவில்லை. எல்லோரும் எல்லாப் பொத்தானையும் அமுக்கினோம். ஒவ்வொரு அமுக்குக்கும் புதுப்புது வரி வந்ததே தவிர எங்களுக்குத் தெரிந்த பாஷைக்கு அது திரும்பவே இல்லை. வியாழன் போனது. வெள்ளியும் போனது. என் ரயில் என்னை விட்டுவிட்டுப் போனது. நான் இவரைக் கூப்பிட்டு, "நீங்க முன்னால போங்க, நான் காலைல முதல் ரயில்ல வாரேன், அண்ணன்கிட்ட பக்குவமாச் சொல்லுங்க" என்றேன். பக்குவமாகச் சொன்ன லட்சணத்தைத்தான் நீங்கள் கேட்டீர்கள்.

சனிக்கிழமை காலை, விடிந்ததும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டே ஆபீஸ் போனேன் அண்ணே. ஒரு அரை மணி நேரம் பார்ப்போம், ஆகாவிட்டால் ஆண்டவன் விட்ட வழி என்று ஸ்டேஷன் போய்விடுவோம் என்று நினைத்தேன். ஆபீஸ் படியில் தோட்டத்துச் சனம் மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது. கோயிலுக்குப் போவதுபோல எல்லோரும் தலைக்குக் குளித்துப் பொட்டு வைத்து வந்திருக்கிறார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வழிவிட்டார்கள். அரை மணி நேரக் கணக்கை அங்கேயே மறந்துவிட்டேன்.

அந்தக் கூட்டத்துக்கெல்லாம் பசியாறக் கீழே தாவூத் அண்ணனிடம் நாசி லெமாக் பொட்டலம் சொல்லியிருந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு அவர் மனைவி நூருல் ஹுதா மேலே வந்தாள். தெரியும்தானே, எல்லை தாண்டித் தாய்லாந்துப் பக்கம் பிறந்து வளர்ந்த பெண், அவள் வந்த பிறகுதான் அந்தக் கடையில் தோம்யாம் சூப்பும் போட ஆரம்பித்தார்கள். பொட்டலத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவள் பிரிண்டரைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன அக்கா, மெசினுக்கும் பசியா? சாப்பாடு கேக்குது?"

"என்ன சொல்ற?"

"கெர்த்தாஸ் கேக்குது லா. பெரிய தாள். ஏ த்ரீ தாள் போடுங்க, வேலை காத்துக்கிட்டு இருக்குன்னு எழுதியிருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இது சியாம் எழுத்துக்கா! நான் ஸ்கூல்ல படிச்ச எழுத்து."

அண்ணே, நான் அவளைக் கட்டிப்பிடித்தேன்! பட்டுப்புடவையில் சம்பால் ஒட்டியதைக்கூடப் பிறகுதான் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க ஒரு நாளைக்கு இரண்டு தடவை அவள் கடைக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு, அவளைத் தாண்டித்தான் மேலே வந்து இந்த எழுத்தை முறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். துளசி ஓடிப்போய் அவளை ஷாஹ்ருலோடு போனில் பேசவிட்டாள். அவன் கேட்க, இவள் வாசிக்க, அவன் சொன்ன பொத்தானை இவள் அமுக்க, மெசின் இங்கிலீஷுக்குத் திரும்பியது. ஷாஹ்ருல் அடுத்த கேள்வி கேட்டான்: "உங்க ஆபீஸ்ல ஏ த்ரீ தாளே கெடையாதே. அதுல பிரிண்ட் கொடுத்தது யாரு?"

துளசி சர்வரில் பிரிண்டர் வரிசையைத் திறந்தாள். மெதுவாக, மிக மெதுவாக, மேலிருந்து கீழாகத் திறந்தது. வரிசை முழுக்க ஒரே பெயர். "தலைவர் போஸ்டர்", "தலைவர் போஸ்டர்", "தலைவர் போஸ்டர்". அதைத் தட்டினால் படம் வந்தது: புது வீடுகளுக்கு முன்னால் கோட்டு சூட்டோடு தலைவர், கையில் ஆள் உயரச் சாவி, பின்னால் வானவில், மேலே இரண்டு புறா. ஒரு படமே சர்வருக்கு மூச்சு முட்டும் அளவு பெரிதாம். இருநூறு பிரதி. பிரிண்டரில் அந்தத் தாள் இல்லை, அதனால் அது வாங்க மாட்டேன் என்கிறது, சர்வரோ விடாமல் ஊட்டிக்கொண்டே இருக்கிறது. பிரிண்டரை ஆப் செய்தால் அதைத் தேடிக்கொண்டே ஊட்டப் பார்க்கிறது. பாவம், அதற்கு மற்ற வேலை பார்க்க நேரமே இல்லை.

எங்கள் தலைவரை நான் முதல் தடவையாக மெதுவான குரலில் பேசக் கேட்டேன். "திங்கக்கெழமை கொடுத்தேன், வரல. அதான் திரும்பக் கொடுத்தேன்" என்றார்.

"எத்தன தடவ சார் கொடுத்தீங்க?" என்றாள் துளசி.

"வரவே இல்லையே ம்மா. வர்ற வரைக்கும் கொடுத்தேன்."

படியில் உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். திரையில் தலைவர் புறாவோடு சிரித்துக்கொண்டிருக்கிறார், திரைக்கு வெளியே வேர்த்துக்கொண்டிருக்கிறார். நான் வாய் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் காளியம்மா அக்கா, "படம் நல்லாத்தான் இருக்கு. அப்புறமாப் பாத்துக்கலாம், இப்ப எங்க காயிதத்த எடுங்க" என்றார்.

போஸ்டரை அழிக்கக் கொடுத்தால் அது "அழிகிறது, அழிகிறது" என்றே நிற்கிறது, போக மாட்டேன் என்கிறது. ஷாஹ்ருல் போனிலேயே சொல்லச் சொல்ல, துளசி அந்த வரிசையைப் பார்க்கும் வேலையையே சர்வரில் நிறுத்தி, குப்பையை மொத்தமாக வாரிக் கொட்டி, திரும்ப ஓட்டிவிட்டாள். நான் ஒரு பெயரைத் தட்டினேன். கண் இமைப்பதற்குள் வந்தது! பிரிண்ட் கொடுத்தேன். வந்தது அண்ணே, வந்தது! சடசடவென்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடிதம் வருகிறது, சனம் கைதட்டுகிறது, யாரோ விசிலடிக்கிறார்கள், தாவூத் அண்ணன் என்னமோ சண்டை என்று நினைத்துக் கரண்டியோடு மேலே ஓடி வருகிறார். முதல் கடிதத்தைக் காளியம்மா அக்காவிடம் கொடுத்தேன். அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "சூடா இருக்கு" என்றார். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அப்போதுதான் மணியைப் பார்த்தேன். ஸ்டேஷனுக்கு ஓடினால் உங்கள் வீட்டு முகூர்த்தத்துக்குப் பாதியிலாவது வந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் என் கையெழுத்து வேண்டும். நான் எழுந்தால் அத்தனை பேரும் தீபாவளி வரை ஒழுகும் கூரைக்கே திரும்பிப் போக வேண்டும். உங்களுக்குப் போன் செய்தேன். வெட்டிவிட்டீர்கள். உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன் அண்ணே. பாதி போட்டுக்கொண்டிருக்கும்போது குழுவில் படம் வருகிறது, நான் தூக்க வேண்டிய தட்டைத் தூக்கிக்கொண்டு, என்றைக்கும் எனக்குப் போட்டியான நம் பெரியப்பா மகள் இருளாயி அக்கா நிற்கிறார். எனக்காகவே வைத்திருந்தமாதிரி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். அந்தப் படத்துக்குப் பிறகு வந்த கடிதங்களில் என் கையெழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். மத்தியானம் எல்லோருக்கும் சாவி கிடைத்தது. ஒரு குடும்பம்கூட விட்டுப்போகவில்லை. காளியம்மா அக்கா என் கையைப் பிடித்து, "ஒங்க வீட்டுல நல்ல காரியத்த விட்டுட்டு இருந்தீங்களாமே, ஒங்க அண்ணன்கிட்ட நான் வந்து பேசட்டுமா?" என்று கேட்டார். நீங்கள் தங்கமான மனுஷன், பேச வேண்டிய அவசியம் இருக்காது என்று சொல்லிவிட்டேன். என் பேச்சைக் காப்பாற்றுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நானும் இவரும் கட்டாயம் வருகிறோம். ஆரவாரம் வேண்டாம், வெளியாட்கள் யாரும் வேண்டாம், நாம் மட்டும் உட்கார்ந்து பேசுவோம். தலைவரைப் பற்றி நான் எழுதியதை, முக்கியமாகப் புறா சமாச்சாரத்தை, நீங்கள் யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். வாசித்ததும் கிழித்துவிடுங்கள். நல்ல மனுஷன்தான், சங்கத்துக்காக ஓடி ஓடி உழைப்பவர்தான், ஆனால் இது அவர் காதுக்குப் போனால் என் உத்தியோகம் அம்பேல்.

அண்ணிக்கு என் வணக்கம். மருமகளுக்கும் மாப்பிள்ளைப் பையனுக்கும் இந்த அத்தையின் வாழ்த்து: என்றும் ஒருவர் சொல்வது ஒருவருக்குப் புரியும் பாஷையிலேயே பேசி, நீண்ட காலம் நிறைவாக இருக்க வேண்டும். நீங்கள் மறுபடியும் குழுவில் சேர வேண்டும் என்று ஆண்டவனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

உங்கள் கோபத்துக்கு ஆளானாலும் பாசத்துக்குக் குறையாத தங்கை,
புஷ்பலதா

பி.கு.: இந்தப் பகுதி மட்டும் கையால் எழுதுகிறேன். மேலே உள்ளதை ஆபீஸ் கணினியில் டைப் செய்து பிரிண்ட் கொடுத்துவிட்டு, பிரிண்டர் முன்னால் போய் நின்றேன். வரவில்லை. சரி, மறுபடியும் பழைய கதையா என்று பதறினால், துளசி சொல்கிறாள், தலைவர் இன்று காலையில் தன் அறைக்குச் சொந்தமாகப் புதுப் பிரிண்டர் வாங்கி வைத்திருக்கிறாராம், ஷாஹ்ருல் தம்பி அவசரத்தில் எல்லாக் கணினிக்கும் அதையே முதல் பிரிண்டராக்கிவிட்டுப் போயிருக்கிறானாம். ஓடிப்போய் அவர் அறைக் கதவைத் திறந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தார். நிமிர்ந்து பார்த்து, "இருநூறு இல்ல லதா, முந்நூறு" என்றார். பேனாவால் திருத்தியும் வைத்திருந்தார், நான்தான் வேறு நகல் எடுத்தேன். அப்புறம், "தப்பு எம்மேல. ஞாயித்துக்கெழம ரயில் எல்லாம் வேணாம், நானே கார்ல கூட்டிக்கிட்டு வாரேன், ஒங்க அண்ணன்கிட்ட நானே பேசுறேன்" என்றார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. உங்களைப் போலவே பிடிவாதக்காரர். ஆகவே அண்ணே, சோறு கொஞ்சம் கூடுதலாக வையுங்கள், இருளாயி அக்காவை அன்று கூப்பிட வேண்டாம், காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பிரிண்டர் பெரிய தாளும் எடுக்குமாம். மணமக்களுக்குப் பரிசாக, கண்ணாடிச் சட்டம் போட்டு ஒன்று கொண்டுவருகிறார். கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்து வையுங்கள்.